கிண்ணக் காளான் முளைத்த சுவர்

"குளிக்கிறீங்களா, இல்ல குளம் வெட்டுறீங்களாக்கா? மேல நீங்க ஒரு வாளி ஊத்தினா கீழ எங்க சுவரு அழுவுது!"

"எங்க வீட்ல ஒரு சொட்டு ஒழுகல. வேணும்னா வந்து பாருன்னு சொல்லிட்டேன்."

"எங்க வந்து பாக்கறது? மூக்கு மட்டும் தெரியற அளவுக்குக் கதவைத் தொறந்து வச்சிக்கிட்டு 'வந்து பாரு'ன்னா? நான் என்ன, கொசுவா?"

"அது மழைத் தண்ணி. வெளிச்சுவரு வழியா இறங்குது."

"மழையா! மழை நின்னு நாலு மாசம் ஆச்சு. வெயில்ல காக்கா வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்கு. உங்க வீட்டுக்கு மட்டும் தனியா பேயுதா?"

மாடிப்படியின் அடியில் நின்று கத்தியவள் கீழ்வீட்டு அண்ணி. மேல்படியில் நின்று பதில் சொன்னவர் மாடிவீட்டம்மா. இருவருக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல் சரியாக ஏழாவது படியில், சாவிக்கொத்தோடு நின்றவர் வீட்டுக்காரர். கடைத்தெருவில் நகல் எடுக்கும் கடை வைத்திருப்பவர். வாயைத் திறந்தால் இரண்டு பிரதி விழும். சொன்னதையே திரும்பச் சொல்வார்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க. நிறுத்துங்கன்னேன். என்னைக் கேட்டா, கீழ ஜன்னல்ல வச்சிருக்கீங்களே செடித் தொட்டி, அந்த எருவுலேர்ந்துதான் வந்திருக்கும். ஆனா ஒண்ணு. யாரு மேல தப்போ அவங்க வீட்டைக் காலி பண்ணணும். சுவரு என்னுது. யாரு மேல தப்போ, அவங்க காலி பண்ணணும்."

எதிர்வீட்டு ஜன்னலில் நான்கு தலைகள் வரிசையாகத் தெரிந்தன. இந்தத் தெருவில் யாராவது தும்மினால் பக்கத்து வீட்டில் கைக்குட்டை எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவசமாக ஒரு சண்டை நடந்தால் அடுப்பில் இருப்பது தீய்ந்தாலும் நகரமாட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் கீழ்வீட்டின் பின்னறைச் சுவரில் இருந்தது. மேலிருந்து இரண்டு சாண் கீழே, பூச்சு ஊறிப் பருத்த இடத்தில், பழுப்பு நிறத்தில் ஏழெட்டுக் காளான்கள். குடையும் இல்லை, காம்பும் இல்லை. யாரோ மெழுகில் சின்னச் சின்னக் கிண்ணம் செய்து சுவரில் ஒட்டியதுபோல. அண்ணி அவற்றைத் துடைப்பத்தால் தட்டிவிட்டாள். இரண்டு வாரத்தில் மறுபடி வந்தன. பினாயில் ஊற்றினாள், கொஞ்சம் தள்ளி வந்தன. புருஷனிடம் சொன்னாள். அந்த மனிதர் செய்தித்தாளை இறக்காமலே, "அதுபாட்டுக்கு இருக்கட்டுமே" என்றார். அதற்குப் பிறகுதான் அண்ணி படிக்கட்டுக்கு வந்தது.

"இருங்க," என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "சும்மா ஆளுக்கொண்ணு சொல்லாதீங்க. என்னன்னு பாத்துச் சொல்றேன். ஒரு வாரம் குடுங்க."

அது அண்ணியின் நாத்தனார். தெரு வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பயிர்நோய் ஆய்வகத்தில் பதினாலு வருடமாக வேலை. விவசாயிகள் கருகிய இலை, அழுகிய கிழங்கு, புள்ளி விழுந்த காய் என்று பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார்கள். அவள் வெட்டி, கண்ணாடிச் சில்லில் வைத்து, பார்த்து, சீட்டு எழுதிக் கொடுப்பாள். முப்பத்தாறு வயது. பெண் பார்க்க வந்த ஒருவரின் நகத்தைப் பார்த்து, "இது பூஞ்சை, மருந்து போடணும்" என்று சொன்னதாகவும், அந்த மனிதர் பலகாரத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனதாகவும் தெருவில் ஒரு கதை உண்டு. கதை பொய். நகம் அல்ல, காது.

அவள் கேட்டால் யார் மறுப்பார்கள்? வீட்டுக்காரர் ஒரு வாரம் கொடுத்தார். இரண்டு முறை சொல்லித்தான் கொடுத்தார்.

மாடிவீட்டைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாடிவீட்டம்மாவின் புருஷன் குழாய் வேலை செய்பவர். இந்தத் தெருவில் அவர் கை படாத குழாய் கிடையாது. ஒழுகும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, "வாஷர் போயிருக்கு" என்றோ, "மேல வால்வு" என்றோ சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் வீட்டின் அடியில் சுவர் ஊறுகிறது என்றால் தெருவுக்கு வேறென்ன வேண்டும்? "ஊர்க் குழாயெல்லாம் அடைச்சவரு வீட்லயே ஓட்டையாம்!" என்று பால் வாங்கும் இடத்தில் சிரித்தார்கள்.

அதற்கு முன்பே தெரு அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. போன வருடத்திலிருந்து அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம் மாடிவீட்டம்மாவும் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். அறுபது வயதில் ஜோடி போட்டுக்கொண்டு! "இப்பதான் தேனிலவு போல" என்றார்கள். "அதெல்லாம் இல்ல, அந்த மூணாவது தெருப் பொம்பள மாசத்துக்கு நாலு தடவ குழாய் கெட்டுப்போச்சுன்னு கூப்பிடறாளாம், அதான் காவல்" என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்தினார்கள். ஐந்து மாதத்துக்கு முன் அவர் வேலைக்குப் போவதே நின்றது. மூட்டுவலி என்றார் மாடிவீட்டம்மா. "பூட்டி வச்சிட்டா" என்றது தெரு.

பூதக்கண்ணாடிக்கு இந்த வம்பெல்லாம் காதில் ஏறாது. அவளுக்குச் சுவர் கிடைத்துவிட்டது. பின்னறை அவள் படுக்கும் அறைதான். கட்டிலை இழுத்துப் போட்டு, முக்காலி மேல் ஏறி, காலையும் மாலையும் பார்த்தாள். பிறக்கும்போது மூடிய உருண்டை, குண்டுமணி அளவு. மூன்றாம் நாள் வாய் திறந்து கிண்ணம். ஐந்தாம் நாள் விளிம்பு வெடித்துத் தட்டையாகிவிடும். உள்பக்கம் வழவழப்பாகப் பழுப்பு, வெளிப்பக்கம் மாவு தூவியதுபோல வெளுப்பு. ஒடித்தால் படக்கென்று ஒடியும், பால் வராது. முற்றிய கிண்ணத்தின் மேல் மூச்சை விட்டால், ஒரு நொடி கழித்துப் புகைபோல வித்துத்தூள் கிளம்பும். அதைப் பார்த்தபோது அவள் முக்காலியிலிருந்து விழாத குறை.

"அண்ணி! இங்க வாங்களேன், புகை விடுது!"

"நீயே பாத்துக்கோடி அம்மா. புகை விட்டா அதுக்கும் ஒரு மாப்பிள்ளை பாக்கலாம்."

ஒரு கிண்ணத்தைத் தீப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள். மதிய இடைவேளையில் மெல்லிசாக நறுக்கி, அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நீளக் குழல்களில் எட்டெட்டாக வித்துகள், பட்டாணிக்காய்க்குள் பட்டாணிபோல. குழல்களின் நுனி நீலமாக மாறியது. குடும்பம் தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குடும்பத்தில் பழுப்புக் கிண்ணங்கள் ஏகப்பட்டவை. ஒன்று எருவில் வரும், ஒன்று செத்த மரத்தில், ஒன்று தீ வைத்த தரையில். தோற்றத்தை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. எங்கே முளைத்தது, எதைத் தின்று முளைத்தது என்று பார்க்க வேண்டும்.

பார்த்தாள். செடித் தொட்டிகளைக் கவிழ்த்து எருவைக் கிளறினாள்: ஒன்றும் இல்லை. ஜன்னல் சட்டத்தைக் குத்தூசியால் குத்தினாள்: இரும்பு மாதிரி இருந்தது. வெளிச்சுவரில் கை வைத்தாள்: வெயிலில் சுட்டது. பிறகு கிண்ணத்தின் அடியில் கத்தியால் சுரண்டினாள். வெள்ளை நூல்கள் மரத்துக்கும் போகவில்லை, மண்ணுக்கும் போகவில்லை. சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சுக்குள், ஈரம் வந்த வழியிலேயே மேல்நோக்கி, மாடி வீட்டுக் குளியலறைக்கு நேராகப் போயின.

அடுத்த ஞாயிறு பின்னறையில் கூட்டம். அண்ணி, அண்ணன், வீட்டுக்காரர், கதவருகே மாடிவீட்டம்மா, ஜன்னலுக்கு வெளியே தெருவின் பிரதிநிதிகள். பூதக்கண்ணாடி ஆபீஸ் பாணியில் ஒரு சீட்டே எழுதி வைத்திருந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தாள்.

"மாதிரி: கிண்ணக் காளான், வீட்டுச் சுவர் வகை. முளைத்த இடம்: உள்சுவர், சுண்ணாம்பு மணல் பூச்சு. எரு, மரம், மழை ஆகியவற்றுக்குத் தொடர்பு இல்லை. காரணம்: மேலிருந்து இறங்கும் தண்ணீரில் தினமும் நனைதல். காலம்: குறைந்தது ஐந்து மாதம். விஷக் காற்று, மரச்சேதம் எதுவும் இல்லை." அடியில் கையெழுத்து, தேதி.

அண்ணி கையே தட்டிவிட்டாள். "பதினாலு வருஷமா ஒனக்குச் சோறு போட்டது வீண் போகலடி!"

பூதக்கண்ணாடிக்கு முகம் சிவந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதிய சீட்டை யாரும் இப்படி நின்று கேட்டதில்லை. விவசாயிகள் மருந்தின் பெயரை மட்டும் படித்துவிட்டு மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்கள்.

"தினமும்னு அதுல தெரியுதாம்மா?" என்று கேட்டார் மாடிவீட்டம்மா. குரலில் சண்டை இல்லை.

"தெரியுதுக்கா. நாலு நாள் காஞ்சாலே சுருங்கிடும். இது ஒரு நாள்கூடக் காயல."

மாடிவீட்டம்மா தலையை ஆட்டிக்கொண்டே படியேறிப் போனார். வீட்டுக்காரர் சீட்டை வாங்கி மடிக்காமல் சட்டைப்பையில் வைத்தார்.

அந்தத் தலையாட்டல்தான் பூதக்கண்ணாடியை விடவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர் தலையாட்டுகிற மாதிரி இல்லை அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறவர் தலையாட்டுகிற மாதிரி இருந்தது. செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு வீட்டிலேயே இருந்தாள். அண்ணியிடம் தலைவலி என்றாள். உண்மையில், எத்தனை மணிக்கு நனைகிறது என்று பார்க்க வேண்டும் அவளுக்கு. சீட்டில் அது ஒன்றுதான் விடுபட்டிருந்தது.

பதினொன்று அடித்துப் பத்து நிமிடத்தில் சுவர் கருத்தது. அவள் இரண்டிரண்டு படியாக ஏறினாள். மாடிவீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. குளியலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். குழாய்க்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரோரம் குந்தி, கழற்றிய இணைப்பைக் கையில் வைத்திருந்தார். சுவரிலிருந்த குழாயின் வாயிலிருந்து தண்ணீர் அவர் மார்பில் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தது. மனிதர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"யாரது, பாப்பாவா? அந்த ஸ்பேனரை எடு. காலையிலேயே கூப்பிட்டாங்க, இப்பதான் வர முடிஞ்சுது."

"யாரு கூப்பிட்டாங்கண்ணே?"

"இந்த வீட்டம்மாதான். பாவம், தனியா இருக்காங்க போல. நல்ல மாதிரி. வந்ததும் டீ போட்டுக் குடுத்தாங்க."

அவள் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றது. மொட்டை மாடியிலிருந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடிவீட்டம்மா இறங்கி வந்தார். தண்ணீர் தொட்டியின் வால்வு அங்கேதான் இருந்தது. அவளைப் பார்த்ததும் நின்றார். ஒன்றும் மறைக்கவில்லை.

"தினமும் பதினோரு மணிக்கு வேலைக்கு வந்துடுவாரு," என்றார். "முன்னாடியே வால்வை மூடி வச்சுப் பாத்தேன். தண்ணி வரலன்னா, லைன் அடைச்சிருக்குன்னு சுவத்த ஒடைக்க ஆரம்பிச்சிடறாரு. தண்ணி வந்தாத்தான் நம்பறாரு. கொஞ்ச நேரம் விட்டுட்டு ஓடிப் போயி மூடுவேன். முட்டி ஓட விட மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட...?"

"காட்டியாச்சு. இனிமே இப்படித்தான்னுட்டாங்க. வெளி வேலைக்கு நான் கூடப் போனேனே, எந்த வீடு, எதுக்கு வந்தோம்னு சொல்லணும்ல. அதுவும் முடியாமப் போச்சு. இங்க வந்து இதைக் கழட்டி மாட்டினாத்தான் சோறு இறங்குது. என் பையனுக்குத் தெரிஞ்சா காப்பகத்துல சேத்துடுவான். போன தடவ வந்தப்பவே அவருக்கு ஏதோ சரியில்லன்னு காப்பகத்து ஃபாரம் வாங்கிட்டு வந்தான். நான்தான், வயசாச்சுல்ல, கொஞ்சம் மறதின்னு சொல்லி அனுப்பினேன்." முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நீ கண்டுபிடிச்சது எல்லாம் சரிதாம்மா. ஒரு நாள்கூடக் காயல. ஆனா தப்பாப் பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியுமா? மழைத் தண்ணின்னு. இந்த வீடு இருக்கற வரைக்கும் அவரு இங்க இருப்பாரு."

உள்ளேயிருந்து, "அம்மா, துணி இருந்தா குடுங்க, தரையைத் துடைச்சிடறேன்" என்று குரல் வந்தது. சொந்தப் பெண்டாட்டியை 'அம்மா' என்று மரியாதையாக.

"இதோ வரேங்க," என்றார் மாடிவீட்டம்மா.

பூதக்கண்ணாடி அப்படியே கடைத்தெருவுக்குப் போனாள். வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பதினாலு வருடத்தில் ஒரு சீட்டைக்கூட அவள் மாற்றி எழுதியதில்லை. இலைப்புள்ளியைக் கருகல் என்று எழுதச் சொல்லி மருந்துக்கடைக்காரர்கள் கெஞ்சியபோதும் எழுதியதில்லை. இப்போது எழுதப் போகிறாள். நகல் கடையில் கூட்டமில்லை.

"அந்தச் சீட்டைக் குடுங்கண்ணே. தப்பாப் பாத்துட்டேன். அது மழைத் தண்ணிதான்."

"எதும்மா?"

"காளான். மழையில வந்தது. சுவத்துக்குள்ள ஈரம் தங்கியிருக்கு. மாடிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அப்ப தினமும் தினமும்னியே? ஒரு நாள்கூடக் காயலன்னியே?" வீட்டுக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். சீட்டு கண்ணாடி மாதிரி பளபளவென்று வெளியே வந்தது. "லேமினேட் பண்ணிட்டேன்மா. என்னா எழுத்து, என்னா தெளிவு! கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். வாடகை ஒப்பந்தத்துல கையெழுத்து அவங்க பையன்தானே, அவருக்கு ஒரு காப்பி நேத்தே அனுப்பிட்டேன். சனிக்கிழமை வரேன்னு சொல்லிட்டாரு. சனிக்கிழமை வராரு."

அவள் அந்தப் பளபளப்பின் மேல் விரலை வைத்தாள். தன் கையெழுத்தைச் சுரண்டிப் பார்த்தாள். வரவில்லை.

திரும்பி வந்து மாடியேறி விஷயத்தைச் சொன்னாள். மாடிவீட்டம்மா திட்டியிருந்தால் தேவலை. "சரி, சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மகன் வந்தான். கையில் அந்தச் சீட்டின் நகல். வீட்டுக்காரர் வேறொரு குழாய்க்காரரைக் கூட்டி வந்திருந்தார். அண்ணியும் பூதக்கண்ணாடியும் பின்னால் ஏறினார்கள். அண்ணிக்கு வேடிக்கை, இவளுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. குளியலறை வாசலில் எல்லோரும் நெருக்கியடித்து நின்றார்கள். புதுக் குழாய்க்காரர் வால்வை மூடிவிட்டு வந்து, இணைப்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார்.

"ஒழுகத்தான் செய்யும். இங்க பாருங்க."

"குடு, குடு," என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு பழைய குழாய்க்காரர் வந்தார். அதை வாங்கினார். மரையின் மேல் சுற்றியிருந்த வெள்ளை நாடாவை நகத்தால் நெருடினார். கண் சுருங்கியது. முப்பத்தைந்து வருடத் தொழில்காரரின் முகம் அப்படியே திரும்பி வந்திருந்தது.

"எவன்யா மாட்டினது இது? நாடாவைத் தலைகீழாச் சுத்தியிருக்கான். முறுக்க முறுக்க அவுந்துல்ல வரும்? கையில தொழில் இல்லாதவன்லாம் ஸ்பேனரைத் தூக்கிக்கிட்டு வந்துடறான்." மாடிவீட்டம்மாவைப் பார்த்தார். "இனிமே அவனைக் கூப்பிடாதீங்கம்மா. வீட்டையே நாசம் பண்ணிடுவான்."

வீட்டுக்காரர்கூட ஒரு தடவையும் எதுவும் சொல்லவில்லை.

"சரிங்க," என்றார் மாடிவீட்டம்மா. "கூப்பிடல."

மகன் கையிலிருந்த நகலை மடித்தான். மறுபடி மடித்தான். மடிக்க இடமில்லாமல் போகும்வரை மடித்துக்கொண்டே இருந்தான். "எத்தனை நாளாம்மா?" என்று கேட்டான். "அஞ்சு மாசம்" என்று அவனே சொல்லிக்கொண்டான். அது சீட்டில் இருந்தது.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே ஓடினாள். அன்றைக்கு அந்த வீட்டில் அதிகம் அழுதது அவள்தான். "குளம் வெட்டுறீங்களான்னு கேட்டேனே, பாவி!" என்று சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள். பூதக்கண்ணாடி அழவில்லை. பின்னறையில் முக்காலி மேல் ஏறி நின்று, மிச்சமிருந்த கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்கினால் என்ன ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. ஒன்றும் ஆகாது.

வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லவில்லை என்பதை எழுதியாக வேண்டும். "இருக்கட்டும், நான் பூசிக்கிறேன், நான் பூசிக்கிறேன்" என்றுதான் சொன்னார். ஆனால் விஷயம் அவர் கையிலும் இல்லை. மகனிடம் காப்பகத்துப் படிவம் தயாராக இருந்தது. அடுத்த மாதமே பெற்றோர் இருவரையும் தன் ஊருக்குக் கூட்டிப் போனான். வண்டியில் ஏறும்போது குழாய்க்காரர் கருவிப் பையைக் கேட்டார். அங்கே வேலை எதுவும் இல்லையப்பா என்றான் மகன். பையைப் புதுக் குழாய்க்காரர் எடுத்துக்கொண்டார். எட்டு மாதம் மகன் வீட்டில் இருந்துவிட்டு, பழைய குழாய்க்காரர் காப்பகத்துக்குப் போனார். மாடிவீட்டம்மா அதற்கு எதிரிலேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு தினமும் போய்வருகிறார் என்று கேள்வி. அந்த மனிதர் இப்போது யாரையும் அம்மா என்றுகூடக் கூப்பிடுவதில்லையாம்.

அண்ணனும் அண்ணியும் மழைக்கு முன்பே ஸ்டேஷன் பக்கம் வேறு வீடு பார்த்துப் போனார்கள். பூதக்கண்ணாடி மாற்றல் கேட்டு விதைப் பரிசோதனைப் பிரிவுக்குப் போய்விட்டாள். அங்கே எண்ணிக்கை மட்டும்தான். நூறு விதையில் எத்தனை முளைத்தது என்று எழுதினால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை. முப்பத்தொன்பது வயதில், பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடிபோனாள். கல்யாணத்துக்கு மாடிவீட்டம்மாவுக்கும் பத்திரிகை அனுப்பினாள். அவர் வரவில்லை. நல்லா இருங்க என்று எழுதிய ஓர் அட்டை மட்டும் வந்தது. மாடியில் இப்போது புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று குடியிருக்கிறது. தெரு அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.